பறைக்குத் தோல் கட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறை அடிக்கக் கற்றுக்கொள்ள வருபவர்களில் பலர், அடிகள் ஓரளவு கைவந்ததும், தங்களுக்கென ஒரு பறையைத் தாங்களே கட்டிப் பார்க்க விரும்புகிறார்கள். அப்போது அவர்கள் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மூன்று வளைந்த மரத்துண்டுகளைச் சேர்த்துச் செய்த, ஏறத்தாழ 14 அங்குல விட்டமுள்ள, ஒருபக்கம் மட்டும் தோல் கட்டிய பறையைப் பற்றியே பேசுகிறேன். தவிலுக்கும் மத்தளத்துக்கும் கட்டுமுறை முற்றிலும் வேறு.

செருப்புத் தைக்க விற்கிற தோலை வாங்கிக் கட்டினால் ஆகாதா?

ஆகாது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பதனிடப்படும் தோல், நனைந்தாலும் அழுகக்கூடாது, காய்ந்தாலும் விறைக்கக்கூடாது என்பதற்காகவே பதனிடப்படுகிறது. குரோம் உப்போ, முன்னாளில் பயன்பட்ட ஆவாரம்பட்டைச் சாறோ, தோலின் நார்களுக்குள் புகுந்து அவற்றை நிலைப்படுத்திவிடுகிறது. அத்தகைய தோலை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் சில நாளில் தொய்ந்துவிடும், தட்டினால் தலையணையைத் தட்டியதுபோல் ஒலிக்கும்.

பறைக்கு வேண்டியது பதனிடாத பச்சைத்தோல். அது நனைந்தால் துணிபோல் இளகும், காய்ந்தால் சுருங்கிப் பலகைபோல் விறைக்கும். தோல் கட்டும் வேலை முழுவதும் இந்த ஒரு குணத்தை நம்பியே நடக்கிறது. ஆகவே, கீழே வரும் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை, தண்ணீர் எப்போது தோலுக்குள் போகிறது, எப்போது, எந்த இடத்திலிருந்து முதலில் வெளியேறுகிறது என்பதில்தான் இருக்கிறது.

கன்றுத்தோல்தான் வேணுமா? ஆட்டுத்தோல், எருமைத்தோல்ல கட்டக்கூடாதா அண்ணா?

கட்டலாம், ஒலி மாறும். ஒரு வட்டத் தோலின் ஒலி, தோல் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு ஏறும். எவ்வளவு கனமாக இருக்கிறதோ அவ்வளவு இறங்கும். எருமைத்தோல் தடித்தது, அதில் அடி கனமாக விழும், ஆனால் மெல்லிய சுண்டுக்குச்சியின் வேகமான தட்டல்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும். ஆட்டுத்தோல் மெல்லியது; சீக்கிரம் ஒலி ஏறும், ஆனால் அடிக்குச்சியின் வேகத்தை நெடுநாள் தாங்காது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது கன்றுத்தோல். மெல்லிய மூங்கில் குச்சிக்கும் தடித்த அடிக்குச்சிக்கும் ஒரே தோல் பதில் சொல்ல வேண்டியிருப்பதால், அந்த நடுத்தரம் பறைக்குப் பொருந்துகிறது. முதல்முறை கட்டுபவருக்கு நான் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனமுள்ள கன்றுத்தோலையே சொல்வேன். எருமைத்தோல் காயும்போது இழுக்கும் விசையை ஒல்லியான கட்டை (பறையின் மரச்சட்டம்) தாங்குவதும் கடினம்.

முழுத்தோல்ல எந்த இடத்தை வெட்டணும்? எந்தப் பக்கம் மேல வரணும்?

தோலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். முதுகெலும்பு ஓடிய இடம் இருண்ட கோடாகத் தெரியும். அங்கே தோல் தடித்திருக்கும். வயிற்றுப் பக்கம் மெலிந்து, தளர்ந்து, ஒரு திசையில் மட்டும் அதிகம் நீளும். வயிற்றுப் பகுதியைத் தவிர்த்து, முதுகுக் கோடு வட்டத்தின் சரிநடுவே போகும்படி வெட்டினால், கனம் இரு பக்கமும் ஒத்து அமையும். கோடு ஓரமாக ஒதுங்கினால் ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் லேசாகவும் ஒலிக்கும். பின்னர் எதைச் செய்தும் அதைச் சரிசெய்ய முடியாது. உண்ணிக் கடி, முள் கீறல், உரிக்கும்போது கத்தி பட்ட இடம் ஆகியவையும் இதே வெளிச்சத்தில் புள்ளிகளாகத் தெரியும்.

மயிர் இருந்த பக்கம் மேலே, சதைப் பக்கம் உள்ளே. மயிர்ப் பக்கம் நெருக்கமான நார்களால் ஆனது. குச்சியின் உராய்வைத் தாங்கும். சதைப் பக்கம் சொரசொரப்பானது. கட்டையில் பசையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

மயிரை எப்படி எடுக்கிறது? எடுக்காமலே கட்டினா என்ன?

சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் மயிரைப் பிடித்திருக்கும் மேலடுக்கு கரைந்து தளரும். நீர்த்த சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தோல் முழுவதும் மூழ்கும்படி வைத்து, நாளுக்கு இருமுறை புரட்டிவிட வேண்டும். வெயில் காலத்தில் மூன்று, நான்கு நாட்களில் மயிர் விரலோடு வரும். அதற்கு மேல் விட்டால் சுண்ணாம்பு தோலின் நாரையே தின்னத் தொடங்கும். பிறகு ஒரு குண்டான மரக்கட்டையின் மேல் விரித்து, மழுங்கிய கத்தியால் மயிரையும், மறுபக்கத்தில் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் தள்ளி எடுக்க வேண்டும். கொழுப்பு எஞ்சிய இடத்தில் பசை பிடிக்காது. இறுதியாக, கையில் வழுவழுப்பு நிற்கும்வரை பலமுறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

மயிரோடு கட்டிய முரசும் தமிழில் பேசப்பட்டிருக்கிறது. இரண்டு காளைகளை மோதவிட்டு, வென்ற காளையின் தோலை மயிர் சீவாமல் போர்த்த முரசைப் புறநானூற்றின் 288ஆம் பாடல் சொல்கிறது. பறையில் அது வேண்டாம் என்பது என் கருத்து: மயிர் ஒலியை மழுக்கும், நெருப்பில் காட்டும்போது கருகும்.

சுண்ணாம்பு, பச்சைத்தோல் என்கிறீர்கள். உடம்புக்கு ஒன்றும் ஆகாதா?

கவனமில்லாமல் செய்தால் ஆகும். சுண்ணாம்புத் தண்ணீர் தோலை அரிக்கும்; கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதில் கைவைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது தூசி. நோயில் செத்த விலங்கின் தோலில் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயின் கிருமி, விதைபோல் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கக்கூடும். காய்ந்த தோலைச் சுரண்டும்போது அது மூச்சில் ஏறும். 2006இல் நியூயார்க்கிலும் 2008இல் லண்டனிலும் விலங்குத் தோல்களை வைத்து மேளம் செய்தவர்களுக்கு இந்த நோய் இப்படித்தான் வந்தது. லண்டனில் ஓர் உயிரும் போயிற்று. எனவே விலங்கு எப்படி இறந்தது என்று தெரியாத தோலை வாங்காதீர்கள். காய்ந்த தோலை ஒருபோதும் சுரண்டாதீர்கள், தேய்க்காதீர்கள். எல்லாச் சுரண்டலும் ஈரத்திலேயே முடியட்டும். சுண்ணாம்பு வேலையே வேண்டாம் என்று நினைப்பவர்கள், தோல் வேலை தெரிந்தவரிடம் மயிர் நீக்கிக் காயவைத்த தோலாகவே கேட்டு வாங்கலாம். முதல் பறைக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

கட்டையில் என்ன பார்க்க வேண்டும்?

வேம்பு, பலா, பூவரசு ஆகியவற்றில் எதுவாயினும், மரம் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பச்சை மரத்தில் தோல் கட்டினால், மரம் காயக் காயச் சுருங்கி, மூன்று துண்டுகளும் சேரும் மூட்டு வாய்பிளக்கும். மூட்டுகளைப் பிணைக்கும் இரும்புத் தகட்டின் ஆணித்தலைகள் மரத்தோடு சமமாக அடிக்கப்பட்டிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். துருத்தி நிற்கும் ஆணி, தோல் இறுகும் நாளில் அதை உள்ளிருந்து கிழிக்கும்.

அதன்பின், கட்டையை ஒரு கண்ணாடிப் பலகையின் மேலோ சமமான தரையின் மேலோ கவிழ்த்து வைத்து, அடியில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் எங்காவது நுழைந்தால் அந்த இடத்தில் விளிம்பு தாழ்ந்திருக்கிறது. தோல் அங்கே கட்டையைத் தொடாமல் அதிரும், ஒலியோடு ஒரு இரைச்சல் சேரும். உப்புத்தாளால் மேடான இடங்களைத் தேய்த்துச் சமமாக்குங்கள். விளிம்பின் உட்புறத்தைச் சற்றே சரித்துவிட்டால், தோல் வெளி ஓரத்தில் மட்டும் படிந்து தெளிவாக ஒலிக்கும். வெளி ஓரத்தின் கூர்மையையும் லேசாக மழுக்குங்கள். இந்த ஒரு மணி நேர வேலையைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு தோலைக் குறை சொல்கிறார்கள்.

புளியங்கொட்டைப் பசை எப்படிக் காய்ச்சுவது?

புளியங்கொட்டையை இரும்புச் சட்டியில் மேல்தோல் வெடிக்கும்வரை வறுத்து, இடித்துப் புடைத்து, பழுப்புத் தோலை நீக்குங்கள். வெள்ளைப் பருப்பை இரவு முழுவதும் ஊறவைத்து, அம்மியிலோ மிக்ஸியிலோ வெண்ணெய்போல் அரையுங்கள். அரைத்ததைத் தண்ணீரில் கரைத்து, சிறுதீயில் கைவிடாமல் கிண்டினால், முதலில் பால்போல் இருந்தது சட்டென்று கண்ணாடிபோல் தெளிந்து கெட்டிப்படும். கேழ்வரகுக் களியைவிடச் சற்று இளக்கமாக, கரண்டியைத் தூக்கினால் கயிறாக இறங்கும் பதத்தில் இறக்கிவிட வேண்டும். கட்டி இருந்தால் துணியில் வடிகட்டுங்கள். ஒரு சிறு கட்டி இருந்தாலும் அந்த இடத்தில் தோல் கட்டையை விட்டு எழும்பி நிற்கும்.

இரண்டு நாளுக்கு மேல் பசை புளித்துவிடும் என்பதால் அன்றன்று காய்ச்சுவதே நல்லது. பூச்சி அரிக்காமலிருக்கச் சிலர் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு என்பதால், குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

எதுக்கு இவ்வளவு சிரமம்? தச்சர் பயன்படுத்துற வெள்ளைப் பசை போதாதா?

ஒட்டும், மரத்தையும் தோலையும் நன்றாகவே பிடிக்கும். சிக்கல் பிறகு வருகிறது. அந்தப் பசை பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது, சூட்டில் இளகும். பறையோ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு நெருப்பில் காட்டப்படுவது. தோல் மிக அதிகமாக இழுக்கும் அந்த நேரத்திலேயே பசை இளகினால், விளிம்பு நூலளவு நூலளவாக நழுவும். ஓரிரு மாதங்களில், எவ்வளவு காய்ச்சினாலும் ஒலி ஏறவில்லை என்று முறையிடுவீர்கள்.

புளியங்கொட்டைப் பசை சூட்டில் இளகாது. தண்ணீருக்கு மட்டும் இளகும். அதனால் வேறொரு நன்மையும் உண்டு: தோல் கிழிந்தால், ஈரத்துணியைச் சுற்றி வைத்துக் கட்டைக்குச் சேதமில்லாமல் பழைய தோலை உரித்தெடுத்துவிடலாம்.

தோல் எவ்வளவு நேரம் ஊறணும்? அவசரத்துக்குச் சுடுதண்ணி ஊத்தலாமா?

சுடுதண்ணீர் கூடவே கூடாது. ஈரமான பச்சைத்தோல் 60 முதல் 65 பாகை செல்சியஸ் சூட்டிலேயே சட்டென்று சுருண்டு, ரப்பர்போல் ஆகிவிடும். நார்களின் கட்டமைப்பு சிதைந்துவிட்டது என்று பொருள். அந்தத் தோல் மீளாது. கை பொறுக்கும் வெதுவெதுப்பும் தேவையில்லை, குழாய்த் தண்ணீர் போதும்.

காய்ந்த கன்றுத்தோல் மாலையில் போட்டால் காலையில் பதமாகிவிடும். நேரத்தைவிடக் கையை நம்புங்கள்: தோலை எந்த இடத்தில் மடித்தாலும் வெள்ளைக் கோடு விழாமல், ஈரத் துண்டுபோல் மடிய வேண்டும். நடுவில் விறைப்பு மிச்சமிருந்தால் இன்னும் ஊறவிடுங்கள். ஆனால் வெயில் நாளில் ஒரு நாளுக்கு மேல் ஒரே தண்ணீரில் கிடந்தால் வாடை வரத் தொடங்கும். தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். வெளியே எடுத்தபின் தண்ணீர் சொட்டுவது நிற்கும்வரை தொங்கவிட்டு, ஓரப்பகுதியை மட்டும் துணியால் ஒற்றி எடுங்கள். ஓரம் சொதசொதவென்று இருந்தால் பசை நீர்த்துப் போகும்.

சரி, இழுத்துக் கட்டுவதை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

14 அங்குல விட்டமும் 2 அங்குல உயரமும் உள்ள கட்டைக்கு 20 அங்குல வட்டமாகத் தோலை வெட்டுங்கள்: பக்கச் சுவருக்கு இருபுறமும் இரண்டிரண்டு அங்குலம், கயிறு கோக்க இருபுறமும் ஓரோர் அங்குலம். ஓரத்திலிருந்து விரல் அகலம் உள்ளே தள்ளி, சம இடைவெளியில் 24 துளைகள் போடுங்கள். கத்தியால் கீறாமல் வட்டத் துளையாகப் போடுவது முக்கியம். கீறிய துளை இழுப்பில் பிளந்துகொண்டே போகும். தோலின் மேற்பக்கத்தைத் தரையில் கவிழ்த்துப் போட்டு, கட்டையின் பக்கச் சுவரின் வெளிப்புறத்தில் பசையை மெல்லிய, இடைவெளியற்ற படலமாகத் தடவி, தோலின் நடுவில் கட்டையைக் கவிழ்த்து வையுங்கள். முதுகுக் கோடு நடுவில் வருகிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டையின் பின்பக்க நடுவில் ஒரு சிறு இரும்பு வளையத்தை வைத்து, கயிற்றை ஒரு துளையிலிருந்து வளையத்துக்கும், வளையத்திலிருந்து எதிர்த்துளைக்குமாகக் கோத்துச் செல்லுங்கள். அடுத்தடுத்த துளையாகச் சுற்றி வராமல், எப்போதும் எதிரெதிராகப் போவதுதான் முறை. முதல் சுற்றில் தொய்வை மட்டும் எடுங்கள், இரண்டாவது சுற்றில் இறுக்குங்கள். பருத்திக் கயிறே நல்லது. நைலான் முடிச்சு வழுக்கும்.

இறுக்கியபின் பக்கச் சுவரில் தோல் சிறு மடிப்புகளாக எழுந்து நிற்கும். ஒரு கரண்டிக் காம்பைத் தண்ணீரில் நனைத்து, விளிம்பிலிருந்து பின்பக்கம் நோக்கி அந்த மடிப்புகளை அழுத்தி நீவுங்கள். ஈரத்தோல் வியப்பூட்டும் அளவுக்குப் பணிந்துபோகும்; மடிப்பு இரண்டு பக்கமும் பரவி மறையும். அப்போது உள்ளிருந்து சிறு காற்றுக் குமிழ்கள் விரலுக்குத் தட்டுப்படும். அவற்றையும் ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றுங்கள். பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கயிறை எவ்வளவு இறுக்கணும்? முழு பலத்தோட இழுத்தா ஒலி நல்லா ஏறுமில்லையா?

மிகப் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ஈரத்தோலை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கி, விட்டவுடன் எழும்ப வேண்டும். அவ்வளவு போதும். மீதி இறுக்கத்தைக் காயும் தோல் தானே கொண்டுவரும். அந்த விசைக்கு முன்னால் நம் கைப்பலம் ஒன்றுமில்லை. ஈரத்திலேயே பலமாக இழுத்தால், காயும்போது தோல் துளைகளில் கிழியும், அல்லது கட்டையை முறுக்கிவிடும், அல்லது நார்கள் ஏற்கெனவே நீண்டுவிட்டதால் பிற்பாடு நெருப்புக்கு ஏறுவதற்கு அதில் எதுவும் மிச்சமிருக்காது.

பலத்தைவிடச் சமம் பெரிது. இருபத்துநான்கு இழுப்புகளும் ஒரே அளவாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு கயிற்றையும் வீணைத் தந்தியைப்போல் மீட்டிப் பாருங்கள்.

வெயிலில் வைத்தால் ஒரே நாளில் காய்ந்துவிடாதா?

காய்ந்துவிடும், அதனால்தான் கூடாது. நான் முதன்முதலில் கட்டிய பறையைச் சித்திரை மாத வெயிலில் மொட்டைமாடியில் வைத்தேன். நண்பகலில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், கால்வாசி விளிம்பில் தோல் கட்டையை விட்டு நழுவி மேலேறியிருந்தது. உள்ளே பசை இன்னும் ஈரமாகப் பளபளத்தது. காற்று இருபுறமும் படும் நடுத்தோல் முதலில் காய்ந்து இழுக்கத் தொடங்கிவிட்டது. மரத்தோடு ஒட்டியிருந்த ஓரத்துக்குள் பசை காயவே இல்லை.

அன்றிலிருந்து நான் செய்வது இது: நிழலில், காற்றோட்டமான இடத்தில், கட்டையைத் தரையில் படாமல் இரண்டு செங்கல் மேல் வைக்கிறேன். முதல் நாள் முழுவதும் தோலின் நடுவில், விளிம்புக்கு மூன்று விரல் உள்ளே நிற்கும்படி, வட்டமாக வெட்டிய ஈரத்துணியைப் போட்டு, காயக் காய நனைக்கிறேன். ஓரம் காய்ந்து பசை கெட்டிப்பட்டபின் துணியை எடுத்துவிட்டு, நடுவைத் தானாகக் காயவிடுகிறேன். மொத்தம் மூன்று, நான்கு நாட்கள். விரல் நகத்தால் தட்டினால் விளிம்பிலும் நடுவிலும் மரத்தைத் தட்டுவதுபோல் ஒலித்தபின், கயிற்றை அறுத்து, மிகுந்த தோலைக் கட்டையின் பின்விளிம்போடு வெட்டிவிடலாம். அதற்கு முன் அடித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கட்டலாமா?

தவிருங்கள். ஒரு வாரம் ஆனாலும் காயாது, பூஞ்சை பிடிக்கும், பசை புளிக்கும். கட்டியே தீர வேண்டுமென்றால் மூடிய அறையில் மின்விசிறி வைத்துக் காயவிடுங்கள், அடுப்புக்கு அருகில் வைக்காதீர்கள். தையிலிருந்து பங்குனி வரை மிக நல்ல காலம்.

பறையை ஏன் நெருப்பில் காட்டுகிறார்கள்? எவ்வளவு நேரம் காட்ட வேண்டும்?

காய்ந்த தோலும் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் சற்றுத் தளரும். நெருப்பு அந்த ஈரத்தை வெளியேற்ற, தோல் சுருங்கி ஒலி ஏறுகிறது. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக ஒலிப்பதும், பனி இறங்கியதும் 'தொம்'மென்று ஆவதும் இதனாலேயே.

வைக்கோல், பனையோலை, காகிதம் போன்ற, சட்டென எரிந்து அடங்கும் பொருள்களின் தீயே ஏற்றது. கரி நெருப்பு ஒரே இடத்தைச் சுட்டுவிடும். பறையை எவ்வளவு நெருக்கமாகக் காட்டுகிறீர்களோ அந்த உயரத்தில் உங்கள் உள்ளங்கை பொறுக்க வேண்டும். கை பொறுக்காத சூட்டில் தோலும் பொறுக்காது. ஒரு நொடிகூட நிறுத்தாமல் வட்டமாகச் சுழற்றுங்கள். அவ்வப்போது விரலால் தட்டிக் கேளுங்கள்: ஒலி ஏறிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் ஏறுவது நின்றுவிடும். அங்கே நிறுத்துங்கள். அதன்பிறகும் காட்டினால் தோல் பழுத்து, நொறுங்கும் தன்மை அடைந்து, அடுத்த அடியில் கீறல் விடும்.

ஒரு பக்கம் கணீர்னு கேக்குது, எதிர்ப்பக்கம் மந்தமா இருக்கு. என்ன பண்றது?

விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, வட்டமாக எட்டு இடங்களில் தட்டி, மந்தமான இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தின் பக்கச் சுவரை நகத்தால் தட்டுங்கள். உள்ளீடற்ற சத்தம் வந்தால் பசை விட்டிருக்கிறது: மெல்லிய தகட்டால் பசையை உள்ளே செலுத்தி, கயிற்றால் இறுகச் சுற்றி இரண்டு நாள் காயவிட்டால் சரியாகும்.

சத்தம் திடமாக இருந்தால், இழுப்பு அந்தப் பக்கம் குறைந்திருக்கிறது, அல்லது வயிற்றுத்தோல் அங்கே வந்திருக்கிறது. இழுப்புக் குறை என்றால், தோல் முழுவதையும் மேலிருந்து நனைத்து மீண்டும் கட்ட வேண்டும். அதற்குக் கயிறு கோக்க ஓரம் வேண்டும். நன்றாகக் காய்ந்து ஒலித்தபின்பே ஓரத்தை வெட்டச் சொன்னதற்கு இதுவும் காரணம். வயிற்றுத்தோல் என்றால் அந்தத் தோலை மாற்றுவதே வழி. மந்தமான பக்கத்தை மட்டும் கூடுதலாகக் காய்ச்சிச் சமன்செய்யும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது அன்றைய ஆட்டத்துக்கு உதவும், தோலின் ஆயுளைக் குறைக்கும்.

கட்டை கோணிப்போய், தரையில் வைத்தால் ஆடுகிறது. இனி பயன்படாதா?

ஒரு தாள் கனத்துக்கு ஆடினால் பொருட்படுத்த வேண்டாம். விரல் நுழையும் அளவுக்குக் கோணினால், அதிகமாக இழுத்ததோ, ஆறாத மரமோ, எருமைத்தோலோ காரணமாக இருக்கும். தோலை ஈரத்துணி சுற்றி உரித்துவிட்டு, கட்டையைச் சமதரையில் வைத்து மேலே சுமை ஏற்றி, இரண்டு மூன்று வாரம் விட்டுப் பாருங்கள். தோலின் இழுப்பால் வந்த கோணல் பெரும்பாலும் திரும்பிவிடும். மரத்துக்குள்ளிருந்து வந்த கோணல் திரும்பாது.

சின்னதா கிழிஞ்சிருக்கு. ஒட்டுப்போட்டா தாங்குமா?

நடுவில் மயிரிழைக் கீறல் என்றால், அதே கனமுள்ள தோலிலிருந்து ஒரு சிறு வட்டத்தை வெட்டி, ஓரத்தைச் சீவி மெலிதாக்கி, ஊறவைத்து, உட்பக்கம் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டலாம். சில மாதங்கள் ஓடும். ஒலி சற்று இறங்கும். விளிம்பை ஒட்டிய கிழிசலுக்கு ஒட்டுப் பயனில்லை. இழுப்பு முழுவதும் அங்கேதான் தங்கி நிற்கிறது.

தோல் மென்மையாக இருக்க எண்ணெய் தடவலாமா? எப்படிப் பாதுகாப்பது?

எண்ணெய் தடவாதீர்கள். தோலுக்கு வேண்டியது விறைப்பு. எண்ணெய் நார்களுக்கிடையே தங்கி அதைக் கெடுக்கும், பசைக்கும் ஆகாது. துணிப் பையில் இட்டு, ஈரமில்லாத இடத்தில் உயரத்தில் தொங்கவிடுங்கள். தோலும் புளியங்கொட்டையும் எலிக்கு விருப்பமான தீனி. பூச்சிக்கு வேப்பிலை போட்டு வைக்கலாம். மாதத்துக்கு ஒருமுறை எடுத்து அடிப்பது அதைவிட நல்லது. மூடிய கார் வெயிலில் நிற்கும்போது உள்ளே விட்டுச் செல்லாதீர்கள்.

இப்போது பைபர் தோல் போட்டு, திருகு வைத்த பறை கிடைக்கிறதே. அதுவே போதாதா?

மழையில் அடிக்க வேண்டியவர்களுக்கும், நெருப்பு மூட்ட அனுமதியில்லாத அரங்குகளில் ஆடுபவர்களுக்கும் அது உண்மையாகவே உதவுகிறது. அதை இழிவாகப் பேச மாட்டேன். ஒலி நாள் முழுவதும் மாறாது. ஆனால் தோலின் ஒலியில் இருக்கும் சூடும், அடிக்குச்சிக்குக் கீழே தோல் கொடுக்கும் எதிர்ப்பும் அதில் இல்லை. கற்றுக்கொள்பவர் தோலிலேயே தொடங்கினால் கை நன்றாகப் பழகும் என்பது என் அனுபவம்.

வீட்டில் மாட்டுத்தோலை ஊறவைத்தால் அக்கம்பக்கத்தில் முகம் சுளிக்கிறார்கள். வீட்டிலும் வேண்டாம் என்கிறார்கள். என்ன சொல்வது?

இந்தக் கேள்வியை மெல்லிய குரலில்தான் கேட்கிறார்கள். வாடையைப் பற்றிய குறை என்றால் அது நியாயமானது: தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள், கழிவைத் தெருச் சாக்கடையில் விடாதீர்கள், முடிந்தால் வீட்டுக்கு வெளியே ஒரு தொட்டி வையுங்கள். மயிர் நீக்கிய காய்ந்த தோலை வாங்கினால் வாடை பெரும்பாலும் இருக்காது.

சுளிப்பு அதைத் தாண்டியது என்றால், அது தோலைப் பற்றியது அல்ல, தோலைத் தொட்டு வேலை செய்த மக்களைப் பற்றியது. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையைத் தொல்காப்பியம் சொல்கிறது. அதே பறையைக் கட்டியவர்களையும் அடித்தவர்களையும் ஊருக்கு வெளியே நிறுத்தி, சாவு வீட்டில் கூலியின்றி அடிக்கவைத்த சாதிக் கொடுமையும் நம் ஊர்களில் நடந்தது. அந்தக் கட்டாயத்தை மறுத்துப் பறையைத் தூக்கியெறிந்தவர்களும் இருக்கிறார்கள், அதையே விடுதலைக் கருவியாகக் கையில் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மேலே நான் எழுதிய ஒவ்வொரு நுட்பமும், தோலை வெளிச்சத்தில் பார்ப்பது முதல் புளியங்கொட்டைப் பசையின் பதம் வரை, பறையர், அருந்ததியர் கைகளில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த அறிவு. முகம் சுளிப்பவரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். உங்கள் பறைக்குத் தோல் கொடுத்தவரிடம் விலை பேசும்போதும் அதை நினைவில் வையுங்கள்.

எத்தனை பறை கட்டினா கை பழகும் ஆசானே?

எனக்கு நான்காவது பறைதான் விளிம்பு முழுவதும் ஒரே ஒலியாக ஒலித்தது. முதல் மூன்றையும் உரித்து, அதே கட்டைகளில் மறுபடி கட்டினேன். ஒவ்வொரு முறையும் தோலின் கனம், ஊறிய நேரம், காய்ந்த நாட்கள், அன்றைய வானிலை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். தெரிந்தவர் ஒருவர் கட்டும்போது முழு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், முடிந்தால் அவர் நீவும்போது அந்த ஈரத்தோலில் உங்கள் விரலையும் வைத்துப் பாருங்கள். இறுக்கம் இவ்வளவுதான் என்பதை எழுத்தில் இதற்குமேல் என்னால் சொல்ல முடியவில்லை.